புழு உடுத்திய கறுப்பு

என் கணவருக்கு வீரம் வருவது இரண்டு சமயங்களில்தான். ஒன்று, கைபேசியில் யாராவது எதையாவது விற்க முயலும்போது. இன்னொன்று, கூடத்தில் அந்துப்பூச்சி பறக்கும்போது. அன்று காலையும் வேலைக்குக் கிளம்பிய சட்டையோடு சோபாமேல் ஏறி நின்று, இரண்டு கைகளையும் படாரென்று தட்டி ஒன்றைத் தீர்த்துவிட்டு, உள்ளங்கையில் ஒட்டியிருந்த பழுப்புப் பொடியை எனக்குக் காட்ட வந்தார்.

“பாரு, இந்த வாரத்துல இதோட மூணு.”

“அப்படியா? பதக்கம் எங்க குத்தணும், சட்டையிலயா, பனியன்லயா?”

அவர் சிரித்தார். இப்போதெல்லாம் நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிறார். முன்பு பதிலுக்குப் பதில் கொடுக்கிற மனுஷன். நோயாளியிடம் தோற்றுப்போவதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

பறக்கிற பூச்சியைக் கொல்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்று நானும் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். பறப்பது பெரும்பாலும் ஆண் பூச்சி. அதற்குத் தின்பதற்கு வாயே ஒழுங்காகக் கிடையாது, ஒரு நூலைக்கூடத் தொடாது. பெண் பூச்சி எங்கேயோ இருட்டில், யாரும் கை வைக்காத இடத்தில், சத்தமில்லாமல் முட்டை வைத்துக்கொண்டிருக்கும். தின்பது அதிலிருந்து பொரிகிற புழு. கூடத்தில் நாம் குதிப்பதைப் பற்றி அந்தப் புழுவுக்கு ஒரு கவலையும் கிடையாது. அவர் கேட்டால்தானே. கடைக்குப் போய் அந்துருண்டை வாங்கிவந்து அலமாரிக்கு அலமாரி போட்டார். கீமோ ஏற்றிக்கொண்டு வந்த உடம்புக்குப் பச்சைத் தண்ணீரே நாறும். அந்துருண்டை நெடியில் நான் வாளியும் கையுமாகக் கிடந்தேன். அப்புறம் அவரே எல்லாவற்றையும் பொறுக்கிக் குப்பையில் போட்டார்.

பூச்சியைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம் என் பிழைப்பு. டிரை கிளீனிங் கடையில் டார்னிங் போடுகிறவள் நான். கம்பளிக் கோட்டிலோ ஷாலிலோ ஓட்டை விழுந்தால், அதே துணியின் உள்மடிப்பிலிருந்து இழையை உருவி, ஓட்டை இருந்த இடமே தெரியாமல் பின்னி மூடுவேன். என் மேசை கடையின் முகப்பில், தெருவைப் பார்த்த கண்ணாடியை ஒட்டிக் கிடக்கும். போகிறவர் வருகிறவர் நின்று பார்ப்பார்கள், அதுவே விளம்பரம் என்று முதலாளியம்மாள் அங்கே போட்டிருந்தார். எனக்கும் அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், நின்று பார்த்தவர்களில் பாதிப் பேர் பார்த்தது என் வேலையை அல்ல, என் பின்னலை. நாற்காலியின் முதுகைத் தாண்டித் தொங்கும். என்னிடம் இருந்த ஒரே ஆடம்பரம் அதுதான்.

வருகிறவர்களிடம் நான் ஓதுகிற பாடமும் எப்போதும் ஒன்றுதான். அழுக்கோடு உள்ளே வைக்காதீர்கள். புழுவுக்கு வெறும் கம்பளி அவ்வளவாக இறங்காது, நம் வேர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் தொட்டுக்கொள்ள வேண்டும். துவைத்து, ஈரம் போக உலர்த்தி, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். வைத்ததை மறந்துவிடாமல் அவ்வப்போது எடுத்து உதறுங்கள், வெயில் காட்டுங்கள், கட்டிலுக்கடியிலும் அலமாரி மூலையிலும் தூசி சேர விடாதீர்கள். அதற்கு ஆகாதது வெளிச்சமும் தொந்தரவும். எல்லாரும் நன்றாகத் தலையாட்டுவார்கள். அடுத்த குளிருக்கு அதே கோட்டைப் புது ஓட்டைகளோடு கொண்டுவந்து நீட்டுவார்கள்.

அப்புறம் எனக்கு மார்பில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். கீமோ கொடுக்க வேண்டும், முடி கொட்டிவிடும் என்றார்கள். அக்கா தன் அலுவலகத்தில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியோடு வந்து எங்கள் சின்ன அறையில் தங்கினாள். அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலை வாரிவிட்டு வளர்த்தவள் அவள்.

“கொத்துக் கொத்தா உதிர்ந்து பெருக்கித் தள்றதுக்கு முன்னாடி நாமளே வெட்டிரலாம்டி. உன் முடியிலயே விக் செஞ்சு போட்டுக்கோ. ஒரு பய கண்டுபிடிக்க முடியாது” என்றாள்.

வெட்டுவதற்கு முன்னால் என்னை உட்கார வைத்து, எண்ணெயைச் சூடாக்கி வேர்க்கால் வரைக்கும் தேய்த்தாள். சிக்கெடுத்து, இறுக்கிப் பின்னி, மேலும் கீழும் கயிற்றால் கட்டி, கத்தரிக்கோலைப் போட்டாள். வெட்டப்போகிற முடிக்கு எதற்கு எண்ணெய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கை அவ்வளவு இதமாக இருந்தது. சந்தைத் தெருவில் விக் செய்கிறவர் ஒருவர் இருப்பதாக விசாரித்து வைத்திருந்தாள். தானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றாள்.

விக் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் அக்காவிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. ஒவ்வொரு முடியாகக் கோக்க வேண்டுமாம், அவசரப்பட்டால் கோணிப்போகுமாம். அந்த ஆளுக்குக் கண் சரியில்லையாம். அந்த ஆளின் மச்சினிக்குக் கல்யாணமாம். ஒரு விக்குக்கு இவ்வளவு பெரிய குடும்பமா என்று நான் கத்தினேன். நான் கத்தியதற்கு நியாயம் இருந்தது. கடையில் என் நாற்காலியில் ஒரு பெண்ணைத் தற்காலிகமாக உட்கார வைத்திருந்தார்கள். தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களின் பரிதாபத்தை வாங்கிக்கொள்ள நான் தயாராக இல்லை. என் முடியோடு போய் உட்கார வேண்டும். விக் வந்தால் நாற்காலிக்குப் போவேன், நாற்காலிக்குப் போய்விட்டால் எனக்குக் குணமாகிவிட்டது என்று அர்த்தம். யாரும் சொல்லாமல் நானே முடிவு செய்துகொண்ட கணக்கு அது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு ஊசிக்கும் கையை நீட்டினேன்.

அன்று கணவர் வேலைக்குப் போனார். அக்கா முன்னமே மருத்துவமனை மருந்துக் கடைக்குக் கிளம்பியிருந்தாள், அங்கே வரிசை அனுமார் வால் மாதிரி நீளும். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனவள், நடையில் மூச்சு வாங்க நின்றேன். நிமிர்ந்து பார்த்தபோது கூரைக்குக் கீழே, மூலையில், அரிசி அளவில் ஒரு கூடு ஒட்டிக்கொண்டிருந்தது.

தின்று முடித்த புழு பூச்சியாக மாறுவதற்கு இப்படிச் சுவரேறும். துடைப்பக் குச்சியால் தட்டிக் கையில் எடுத்துப் பார்த்தேன். கறுப்பு. நல்ல கன்னங்கரேல் கறுப்பு.

இந்த ஜாதிப் புழு தான் தின்கிற துணியிலேயே தனக்கு உறை நெய்துகொண்டு, அதைச் சுமந்துகொண்டு திரியும். சிவப்புக் கம்பளத்தைத் தின்றால் சிவப்பு உறை. பச்சை ஸ்வெட்டரைத் தின்றால் பச்சை. கடையில் ஒரு வீட்டிலிருந்து மூட்டையாகத் துணி வந்தால், உதிர்கிற உறையின் நிறத்தைப் பார்த்தே எந்தத் துணியில் குடியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இங்கே கறுப்பு. அப்படியானால் என் வீட்டில் கறுப்பாக எதையோ தின்றுகொண்டிருக்கிறது.

பல நாளாகப் படுக்கையும் நானுமாகக் கிடந்தவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. கணவரின் கறுப்புக் கோட்டை எடுத்தேன். காலர் மடிப்பு, கக்கம், பைகளின் அடி, பொத்தானுக்குப் பின்புறம், ஒன்று விடாமல் பார்த்தேன். மனுஷன் எப்போதாவது போடுகிற கோட்டு, என் தொல்லை தாங்காமல் துவைக்கப் போட்டுத்தான் வைப்பார். ஒரு இழை அறுந்திருக்கவில்லை. என் கறுப்பு ஷாலைக் கண்ணாடிச் சன்னலுக்கு நேரே பிடித்தேன், வெளிச்சம் எங்கும் ஒழுகவில்லை. தலையிலிருந்த கறுப்புக் கம்பளித் தொப்பியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். அதை அக்கா தினமும் துவைத்துப் போடுவதால் அதிலும் ஒன்றுமில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டைத் தலையோடு நடுக் கூடத்தில் நின்றபோது எனக்கே சிரிப்பு வந்தது.

மிச்சமிருந்தது சின்ன அறை. அங்கே நான் போகக் கூடாது என்பது அக்காவின் சட்டம். தூசி, கிருமி, உனக்கு ஆகாது, என் அறையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பாள். அவளிடம் இருப்பதெல்லாம் பருத்திப் புடவைகள், அதில் புழுவுக்கு ஒரு வாய்கூடக் கிடைக்காது. இருந்தாலும் நடையில் கூடு கிடந்த இடம் அவள் அறைக் கதவுக்கு நேர் மேலே. கதவைத் திறந்தேன். கதவின் மேல்சட்டத்தில் இன்னும் இரண்டு, அதே கறுப்பில்.

முழங்கால் போட்டுக் கட்டிலுக்கடியில் கைபேசி விளக்கை அடித்தேன். அக்காவின் பெட்டி. பழைய பெட்டி, மூடி ஒரு பக்கம் வளைந்து விரலளவு இடைவெளி விட்டிருந்தது. இழுக்கிறேன், வருவேனா என்கிறது. இழுத்துத் திறந்தபோது மேலே ஒரு சாம்பல் நிறக் கம்பளி ஷால் சுருட்டி வைத்திருந்தது. சாம்பல்தானே, கறுப்பில்லையே என்று அசட்டையாகத்தான் விரித்தேன்.

உள்ளே என் பின்னல் இருந்தது.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய ஆள் ஒருத்தி வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. தூக்கினேன். கழுத்துப் பக்கத்து முனை கையிலிருந்து பொலபொலவென்று உதிர்ந்தது. கயிறு கட்டியிருந்த இடத்துக்குமேல், அக்கா எண்ணெயை அழுத்தித் தேய்த்த அந்தப் பகுதியில்தான் நல்ல விருந்து நடந்திருந்தது. குட்டை குட்டையாய்க் கடித்துப் போட்ட முடித் துணுக்குகள், நறநறவென்று கழிவு, அதற்கு நடுவே ஏழெட்டுக் கறுப்பு உறைகள். ஒன்றின் வாயிலிருந்து புழு தலையை நீட்டி, வெளிச்சத்தைப் பார்த்து மறுபடி உள்ளே போனது. என் முடியைத் தைத்துப் போட்டுக்கொண்டு.

அக்கா வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். மருந்துப் பையோடு அறை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது முகம்.

“விக்காரர் மச்சினிக்குக் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?” என்றேன்.

அவள் வெளியே இழுத்துக் கிடந்த பெட்டியைப் பார்த்தாள்.

“நீ குடுக்கவே இல்லையா?”

“போனேன்டி. சத்தியமா எடுத்துட்டுப் போனேன்” என்று படியிலேயே உட்கார்ந்தாள். “அவர் பாத்துட்டு, இத அவுத்து மருந்துத் தண்ணியில அலசி, பிரிச்சுப் பிரிச்சுத்தான் செய்யணும்னார். பின்னல் இருக்காதுன்னார். திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன்.”

“அதுக்குத்தானே வெட்டினோம்? பின்ன, சாமி படத்துக்கா சாத்தப் போறோம்?” பின்னலை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். “நான் இங்க கெடந்து விக்கு விக்குன்னு தவிக்கிறேன், நீ கட்டிலுக்கடியில வெச்சுக்கிட்டு கதை கதையா அளந்து விடறியா? எப்பப் போன அவர்கிட்ட?”

“ஸ்கேன் எடுத்ததுக்கு மறுநாள். அதுவரைக்கும் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே இருந்தேன்.”

ஸ்கேன் எடுத்த நாள் எனக்கு நினைவிருந்தது. என்னை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அக்காவும் இவரும் காபி குடித்து வருகிறோம் என்று போனார்கள். திரும்பி வரும்போது இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது. காபி சுட்டுவிட்டது என்றார் இவர். காபி சுட்டால் நாக்குத்தானே சிவக்கும் என்று நான் கேலி செய்தேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“என்னமோ சொன்னாரு. விடு.”

“அக்கா.”

அவள் மருந்துப் பையின் காதை முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள். “மருந்து கேக்கலையாம்டி. ஈரலுக்குப் போயிடுச்சாம். இப்பக் குடுக்கறது கொஞ்சம் தள்ளிப்போடறதுக்குத்தானாம்.”

“அவருக்கும் தெரியும்.”

“ம்.”

அதனால்தான் நான் சொல்வதற்கெல்லாம் சிரிக்கிறார். என் கணக்கெல்லாம் ஒரு நொடியில் சரிந்துவிட்டது. விக், நாற்காலி, கண்ணாடி, எதுவும் இல்லை. கடையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் தற்காலிகம் இல்லை. எனக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, வயிற்றெரிச்சல்தான். என்னைத் தவிர வீட்டில் எல்லாரும் என் சாவோடு பழகிவிட்டார்கள். எனக்கு மட்டும் சொல்லவில்லை.

“சரி, சொல்லல. உனக்குத் தைரியம் வரல, அத விட்டுடறேன். ஆனா விக் செஞ்சு குடுத்திருக்கலாமே? இருக்கற வரைக்கும் போட்டுக்கிட்டுப் போயி உக்காந்திருப்பேனே? எனக்குச் செஞ்சு தர்றத விட்டுட்டு, உனக்குன்னு எடுத்து வெச்சுக்கிட்டியா?”

ஏதாவது பூசி மெழுகுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“ஆமா” என்றாள் அக்கா. “எனக்கு வேணும்டி. உன் கையையோ காலையோ நான் எடுத்து வெச்சுக்க முடியாது. இது ஒண்ணுதான் முடியும். என் கையால பின்னுனது. அத அவுத்துப் போட மனசு வரல. எனக்கு இதான் தோணுச்சு, தப்புதான், நீ வேணா என்னைச் செருப்பால அடி.”

நான் அடிக்கவில்லை. அடிக்கிற தெம்பு இருந்திருந்தால் அடித்திருப்பேனோ என்னவோ. மடியிலிருந்த பின்னலை அவள் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். உதிர்ந்த முனையைத் தொட்டதும் ஒரு சத்தம் வந்தது அவள் வாயிலிருந்து. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புழுக்களை ஒவ்வொன்றாக நகத்தால் நசுக்க ஆரம்பித்தாள்.

“எடுத்துப் பாத்துக்கிட்டாவது இருந்தியா?” என்றேன்.

“தொறக்கவே இல்ல. வெச்சது வெச்சபடி.”

“ஏன்?”

“தொறந்து தொறந்து மூடுனா வாசம் போயிடும்னு. உன் வாசம், அந்த எண்ணெய் வாசம் எல்லாம் அப்படியே இருக்கட்டும்னு.” நிறுத்தினாள். “அப்புறமா வேணும்ல.”

அப்புறமா. இருட்டு, எண்ணெய், கம்பளி, யாரும் தொடாத அமைதி. பூச்சியைக் கூப்பிட்டு வளர்க்க வேண்டுமென்று யாராவது என்னிடம் வழி கேட்டிருந்தால் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஊருக்கெல்லாம் பாடம் ஓதினேன், என் சொந்த அக்காவிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் என் மேலிருந்த பிரியத்தில் ஒவ்வொன்றையும் தப்பாமல் தப்பாகச் செய்திருந்தாள்.

“எந்திரி. அழுதா புழு போயிடாது. பெரிய பிளாஸ்டிக் கவர் கொண்டா, கத்தரிக்கோலும் சீப்பும் கொண்டா. இந்த ஷாலையும் தனியாக் கட்டு. பெட்டிய வெயில்ல போடு, மூலையெல்லாம் வாக்குவம் வெச்சு இழு, அந்தக் குப்பையக் கையோட வெளிய கொண்டுபோய்க் கொட்டணும்.”

என் குரல் கடையில் இருப்பது மாதிரி வந்தது. அவளும் கடைப்பெண் மாதிரி ஓடினாள். பின்புற வாசலில் செய்தித்தாளை விரித்து, தின்ற பகுதியை வெட்டித் தள்ளினேன். கட்டு தளர்ந்துவிடாமல் புதுக் கயிறு கட்டினேன். பின்னலின் இடுக்குகளில் மெல்லிய சீப்பை விட்டுத் தட்டித் தட்டி முட்டைகளை உதிர்த்தேன். முக்கால் பங்கு நன்றாகத்தான் இருந்தது.

“இப்ப இதக் கவர்ல போட்டு, காத்து போக அமுக்கிக் கட்டி, ஃப்ரீசர்ல வெக்கணும். ரெண்டு வாரம் கெடந்தா உள்ள இருக்கற முட்டையும் சாகும். எடுத்துக் கழுவிக் காயப்போட்டு மூடி வெச்சேன்னா உன் ஆயுசுக்கும் ஒண்ணும் ஆகாது.”

“கழுவணுமா?”

“எண்ணெயும் வேர்வையும் இருந்தாத்தான் புழு வரும்.”

“கழுவுனா வாசம் போயிடுமே.”

“போகும். வாசம் வேணுமா, முடி வேணுமா?”

அவள் பின்னலைப் பார்த்தாள். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. தொப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தலையை அவள் முகத்துக்கு நேரே கவிழ்த்தேன்.

“வாசம்தானே வேணும்? நான் இன்னும் போகல, இங்கதான் இருக்கேன். மோந்து பாரு. இப்பவே மோந்துக்கோ.”

அக்கா என் மொட்டைத் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து, மூக்கை உச்சியில் வைத்தாள். மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். எதையோ தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் கண்ணீர் என் தலையில் விழுந்து காதோரமாக இறங்கியது, தடுக்க அங்கே ஒரு முடி இல்லை.

“மருந்து வாசம்தான்டி வருது” என்றாள்.

உண்மைதானே. என் பழைய வாசம் என்னிடமே இல்லை. அந்தப் பின்னலில் மட்டும்தான் மிச்சமிருந்தது. தொழில் தெரிந்தவள் கழுவத்தான் சொல்வாள். நான் கழுவச் சொல்லவில்லை. இறுக்கி மூடுகிற ரப்பர் மூடி போட்ட கண்ணாடி ஜாடி ஒன்றை எடுத்துவரச் சொல்லி, ஃப்ரீசரிலிருந்து வந்தபிறகு கவரோடு அதற்குள் வைத்து மூடிவிடு, கழுவாவிட்டாலும் காற்றுப் புகாமல் இருந்தால் பூச்சி உள்ளே போகாது என்றேன். அவள் ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்தை நகர்த்தி இடம் செய்தாள். கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அப்புறம் ஜாடிய எப்பத் தொறக்கலாம்?” என்று கேட்டாள். கேட்டு முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் இருக்கற வரைக்கும் தொறக்காத” என்றேன்.